எந்தக் கொசு என்று கேட்காத கொசு ஒழிப்பு

மழை விட்டு காய்ச்சல் காலம் தொடங்கிவிட்டால் திருச்சியில் எங்கே போனாலும் ஒரே பேச்சுத்தான். "கொசுன்னா கொசுதான். அதுல சாதி என்ன, கோத்திரம் என்ன? புகையைப் போடு, மருந்தை ஊத்து, சாக்கடையை மூடு." டீக்கடையில் சொல்கிறார்கள், வார்டு கூட்டத்தில் சொல்கிறார்கள். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள்: வகைப்பாட்டியல் என்பது அருங்காட்சியகத்தில் பூச்சிகளை ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை, ஊரே காய்ச்சலில் படுத்திருக்கும்போது அதற்கு யாருக்கு நேரம் என்று. கேட்பதற்கு நியாயமாகவும் சிக்கனமாகவும் இருக்கிற இந்தக் கருத்து முழுத் தவறு என்பது என் வாதம். ஆண்டுதோறும் பணத்தையும் மருந்தையும் செலவழித்தும் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

ஸ்ரீரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற தீவு. கோடையில் கொள்ளிடம் வற்றும்போது மணலில் அங்கங்கே தெளிந்த குட்டைகள் தேங்குகின்றன. ஆற்றுப்படுகைக் குட்டையும் வாய்க்கால் ஓரமும் அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசுவுக்குப் பிடித்த இடம். இந்தியக் கிராமப்புற மலேரியாவில் பெரும்பங்கு அதனுடையது. வீதியோரச் சாக்கடையில் கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் வளரும். டெல்டா மக்களைத் தலைமுறை தலைமுறையாக வதைத்த யானைக்கால் நோயைப் பரப்பியது அதுதான். மொட்டைமாடித் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரல், டயர் ஆகியவற்றில் ஏடிஸ் எஜிப்தி. மூடாத கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சை. தோப்பில் கிடக்கும் சிரட்டையிலும் மரப்பொந்திலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். நெல்வயலில் மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் டிரைட்டினியோரிங்கஸ். மைல் கணக்கில் அலைய வேண்டாம், ஒரே தீவிலும் அதன் கரைகளிலும் இத்தனை விதத் தண்ணீர் இருக்கிறது. ஒன்றில் வாழ்வது மற்றொன்றில் பெரும்பாலும் வாழாது.

இப்போது புகை வண்டி வருகிறது. மாலை மங்கும் நேரம், வெண்புகை தெருவை மூடுகிறது, ஜனங்கள் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி பகலில் கடிப்பது. இரத்தம் குடித்த பிறகு கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் கொடியில் தொங்கும் துணியிலும் போய் உட்காருவது. தெருவில் போன புகை சாத்திய கதவுக்கு உள்ளே இருக்கும் அதை எப்படிக் கொல்லும்? சாக்கடைக் கொசுவோ நள்ளிரவை ஒட்டி அதிகம் கடிப்பது. அன்றைய புகையில் சில செத்தாலும் சாக்கடையில் புழுக்கள் அப்படியே இருப்பதால் ஒரு வாரத்துக்குள் புதிய தலைமுறை வந்துவிடும். நோய் வெடித்துப் பரவும் அவசர நேரத்தில், வளர்ந்த கொசுக்களை உடனடியாகக் குறைப்பதற்கு மட்டுமே புகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நம் ஊரில் அது வழக்கமான சடங்காகிவிட்டது, கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால். 2017-ல் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள், 65 பேர் இறந்தார்கள் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் புகைக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

சாக்கடையை மூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடத்தான் வேண்டும், யானைக்கால் பரப்பும் கொசு அதனால் குறையும். ஆனால் சாக்கடையை மூடிவிட்டு டெங்கு ஏன் குறையவில்லை என்று வியக்கிறோமே, அந்த வியப்பு கொசுவின் பெயர் தெரியாததால் வருவது.

பெயர் தெரியாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற சான்று உண்டு. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற ஊகத்தோடு 1895-ல் தேடத் தொடங்கிய ரொனால்ட் ராஸ், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொசுக்களைப் பிடித்து, நோயாளிகளைக் கடிக்கவிட்டு, அறுத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். எதுவும் கிடைக்கவில்லை. ஊகம் சரி, உழைப்பு அபாரம், கருவியும் போதுமானது. அறுத்த கொசுதான் தவறு. அவர் 'சாம்பல் கொசு', 'வரிக் கொசு' என்று தன் வசதிக்குப் பெயர் வைத்து அறுத்துத் தள்ளியவை இன்று நாம் கியூலெக்ஸ் என்றும் ஏடிஸ் என்றும் சொல்பவை. மனித மலேரியா ஒட்டுண்ணி அவற்றில் வளராது. இறக்கையில் புள்ளி உள்ள வேறு சில கொசுக்கள் கைக்கு வந்த பிறகுதான், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், அவற்றின் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணியைக் கண்டார். அவை அனாபிலிஸ். அடுத்த ஆண்டு இத்தாலியில் ஜியோவன்னி பத்திஸ்தா கிராஸி எதிர்த்திசையில் போனார். அவர் விலங்கியலாளர். மலேரியா உள்ள ஊரில் எந்தெந்த இனங்கள், இல்லாத ஊரில் எந்தெந்த இனங்கள் என்று முதலில் பட்டியல் போட்டார். பட்டியலே அவரை அனாபிலிஸிடம் கொண்டுசேர்த்தது. கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்று அந்த இருவரும் சண்டை போட்டது தனிக்கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, ராஸ் இழந்த இரண்டு ஆண்டுகள்.

"சரி, பேரினம் வரை தெரிந்தால் போதாதா? அனாபிலிஸ் மலேரியா, ஏடிஸ் டெங்கு, கியூலெக்ஸ் யானைக்கால். பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறதே" என்பார்கள். போதாது. இதற்கான பதில் ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்தில் நின்று போகும் ராமேஸ்வரம் ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது.

குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு 1901-ல் கைல்ஸ் பெயர் வைத்தார். எண்பது ஆண்டுகள் அது ஒரே இனம் என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருந்தது: சில பகுதிகளில் இந்தக் கொசு ஏராளம், மலேரியாவும் கடுமை, வேறு பகுதிகளில் கொசு ஏராளம், மலேரியாவோ இல்லை. 1980-ல் கிரீனும் மைல்ஸும் இதன் பெரிய பட்டை குரோமோசோம்களைப் பார்த்து, வெளித்தோற்றத்தில் பிரித்தறிய முடியாத இரண்டு இனங்கள் இதற்குள் இருப்பதைச் சொன்னார்கள். ஏ, பி என்று பெயர். பிறகு தில்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவும் குழுவினரும் 1983-ல் சி-யையும், 1991-ல் டி-யையும் சேர்த்தார்கள். இவற்றை உடன்பிறப்பு இனங்கள் என்கிறோம். கண்ணுக்கு அச்சுப் பிசகாமல் ஒன்று. ஆனால் இயற்கையில் தமக்குள் கலப்பதில்லை, கடிக்கும் இலக்கு வேறு, நோய் சுமக்கும் திறன் வேறு. ஏ, சி, டி மூன்றும் மலேரியாவைப் பரப்புபவை. பி பெரும்பாலும் மாட்டைக் கடிப்பது; மலேரியா பரப்புவதில் அதற்குப் பங்கு அநேகமாக இல்லை.

இப்படியிருக்க ராமேஸ்வரம் தீவில் ஒரு புதிர். அங்கே மலேரியா விடாமல் இருந்தது. குலிசிஃபேசிஸ்தான் பரப்புகிறது என்பதும் உறுதி. குரோமோசோமின் பட்டைகளைப் பார்த்தாலோ எல்லாம் பி. நோய் பரப்பாத இனம் இங்கே மட்டும் எப்படி நோய் பரப்புகிறது? அதே மலேரியா ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. வித்தியாசம் பட்டைகளில் இல்லை, ஒய் குரோமோசோமின் வடிவத்தில் இருந்தது. ஆனால் நோய் சுமப்பது பெண் கொசு. அதற்கு ஒய் குரோமோசோமே கிடையாது. எனவே ஒட்டுண்ணியைச் சுமந்த பெண் கொசு இட்ட முட்டைகளை வளர்த்து, அதன் ஆண் சந்ததியின் ஒய் குரோமோசோமைப் பார்க்க வேண்டியிருந்தது. 1999-ல் முடிவு வந்தது: தீவில் இருந்தவை இரண்டு இனங்கள். ஒன்று பி, மற்றொன்று அதுவரை யாரும் பிரித்துப் பார்க்காத இ. மனித இரத்தத்தை நாடி, வீட்டுக்குள் தங்கி, மலேரியாவைப் பரப்பியது அந்த இ.

கடலுக்கு அக்கரையில் இதன் எதிரொலி உடனே கேட்டது. இலங்கையில் இருப்பது பி மட்டுமே, ஆகவே பி-தான் அங்கே மலேரியாவைப் பரப்புகிறது என்று எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 2000-ல் இலங்கைக் கொசுக்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து, அங்கேயும் பி-யோடு இ இருப்பதைக் காட்டினார்கள். 1934–35-ல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாக வற்றியபோது குலிசிஃபேசிஸ் பெருகி, இலங்கையில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரை மலேரியா கொன்றது. அவ்வளவு பெரிய சாவை நடத்திய கொசுவைத் துல்லியமாக அடையாளம் காட்ட அறுபத்தைந்து ஆண்டுகளானது.

இது வெறும் அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் நான் கோபப்படுவேன். ஏ, பி இரண்டையும் ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில், டி.டி.டி.க்கு ஏ கூடுதலாகச் சாவதும் பி கூடுதலாகத் தாங்குவதும் தெரியவந்தது. இரண்டும் கலந்து வாழும் கிராமத்தில் டி.டி.டி. தெளித்துவிட்டு, மறுநாள் மாட்டுக்கொட்டகையில் கொசுவை எண்ணினால், பி உயிரோடு கூட்டமாக இருக்கும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதிவிடுவார்கள். நோய் பரப்பும் ஏ குறைந்திருக்கும். அது கணக்கில் வராது. அதை நம்பி விலை கூடிய, நச்சு மிகுந்த இன்னொரு மருந்துக்கு மாறுவார்கள். இனம் பிரிக்காமல் எடுத்த எண்ணிக்கை ஒரு மாவட்டத்தின் மருந்துக் கொள்கையையே தவறான பக்கம் தள்ளிவிடக்கூடும்.

நகரத்துக் கொசுவான ஸ்டீபன்சையிலும் இதே கதைதான். அதன் முட்டையின் மிதவையில் உள்ள வரிகளை எண்ணி மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வரி அதிகம் உள்ள 'டைப்' வகை நகரத்தில் வாழ்ந்து மலேரியாவைத் திறமையாகப் பரப்புவது. வரி குறைந்த, 1937-ல் மைசூர்ப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட 'மைசூரென்சிஸ்' வகை கிராமத்தது, நம் நாட்டில் மலேரியாவில் அதற்குப் பெரிய பங்கு இல்லை. இந்த ஸ்டீபன்சை இப்போது உலகம் சுற்றுகிறது. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020-ல் 73 ஆயிரத்துக்கும் மேல். இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவின் கிணறுகளில் ஸ்டீபன்சை இருப்பது தெரிந்தது. நோயே இல்லாத நாட்டில் கொசுப்புழுவைப் பிடித்துப் பெயர் பார்க்கிற ஆட்களைத் தொடர்ந்து வேலையில் வைத்திருந்ததால்தான் அது தெரிந்தது. "நோய்தான் இல்லையே, பூச்சியியலாளர் எதற்கு" என்று கேட்டிருந்தால் முதல் நோயாளி வந்த பிறகே விழித்திருப்பார்கள். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் போய்வரும் ஊர் திருச்சி. விமான நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் நோய் பரப்பும் கொசு இருக்கக் கூடாது என்று பன்னாட்டுச் சுகாதார விதிகள் கேட்பது இதனால்தான்.

நோய்க்கிருமி மாறும்போது கொசுவின் பெயர் இன்னும் முக்கியமாகிறது. சிக்குன்குனியா வைரஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, அலனின் இருந்த இடத்தில் வேலின். அதனால் அது அல்போபிக்டஸ் கொசுவுக்குள் எளிதாக வளர்ந்தது. 2007-ல் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களில், பால் வடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீரில் பெருகிய அல்போபிக்டஸ் அந்த வைரஸைக் கொண்டுபோனது. எஜிப்தியை நினைத்து வீட்டுத் தொட்டிகளை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் அங்கே நோய் நின்றிருக்காது.

ஒரே இனத்துக்கு உள்ளேயும் மரபணு வேறுபாடு உண்டு. அதையும் பார்த்தாக வேண்டும். புகையிலும் வீட்டுக் கொசுவத்தியிலும் திரவ மருந்திலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சு. கொசுவின் நரம்பில் உள்ள சோடியம் வாயிலைத் திறந்தே வைத்து அது கொல்கிறது. அந்த வாயில் புரதத்தின் 1534-வது இடத்தில் ஃபினைல்அலனினுக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிட்டால் நஞ்சின் பிடி தளர்ந்துவிடும். இந்த மாற்றம் இந்திய ஏடிஸ் எஜிப்தியிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்தால் தாங்காத கொசு சாகும், தாங்கும் கொசு முட்டையிடும். அதாவது எதிர்ப்புத் திறன் உள்ள கொசுவை நாமே பணம் கொடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம். உறையூர்க் கொசுவுக்கும் திருவானைக்காவல் கொசுவுக்கும் எந்த மருந்து பலிக்கும் என்பதைச் சோதிக்காமல் டெண்டர் விடுவது எப்படி நிர்வாகமாகும்?

இன்னொரு தரப்பையும் மறுத்தாக வேண்டும். அவர்கள் பெயர் வேண்டும் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதை டி.என்.ஏ. இயந்திரம் பார்த்துக்கொள்ளும், செதிலையும் மயிரையும் எண்ணும் பழைய வகைப்பாட்டாளர் இனி தேவையில்லை என்பார்கள். இது நவீனமாக ஒலிக்கிறது. ஆனால் உண்மை இல்லை. புதுச்சேரியில் உள்ள நோய்ப் பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 2007-ல் 63 இந்தியக் கொசு இனங்களுக்கு டி.என்.ஏ. பட்டைக்குறியீடு எடுத்தார்கள். அநேகமாக எல்லாவற்றையும் அது சரியாகப் பிரித்தது. இரண்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. அவற்றில் ஒன்று நம் பரங்கிப்பேட்டையின் பழைய பெயரான போர்ட்டோநோவோவால் அழைக்கப்படும் கொசு. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தின் திவாரியும் ஹிரியனும் அதை உருவத்தைப் பார்த்தே தனி இனம் என்று 1992-ல் விவரித்திருந்தார்கள். மேலும், குறியீட்டை எதனோடு ஒப்பிடுவது? முதலில் ஒருவர் அந்தக் கொசுவைக் கண்ணால் பார்த்துச் சரியான பெயரில் பதிந்திருந்தால்தானே கணினியில் பெயர் வரும். தவறான பெயரில் பதிந்த குறியீடு, தவறை வேகமாகப் பரப்பும். கிறிஸ்டோபர்ஸ் 1933-லும் பராட் 1934-லும் எழுதிய பெருந்தொகுதிகளை இன்றும் பூச்சியியலாளர்கள் புரட்டுகிறார்கள். அதே மதுரை மையத்தில் ரேச்சல் ரூபனும் சகாக்களும் மூளைக்காய்ச்சலோடு தொடர்புள்ள கியூலெக்ஸ் கொசுக்களுக்காக 1994-ல் வெளியிட்ட படவிளக்கத் திறவுகோல், தென்கிழக்கு ஆசியா முழுவதற்கும் பயன்படுவது. நம் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்து செய்த அந்த வேலையின் வாரிசுகள் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? ஓய்வு பெறுபவரின் இடம் நிரப்பப்படாமல் போவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அறிவியலாளர்களே பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே என்ற ஏளனமும் உண்டு. ஆமாம், 2004-ல் ஏடிஸ் எஜிப்தியை ஸ்டெகோமியா என்றார்கள், 2015-ல் பழையபடி ஏடிஸ் ஆக்கினார்கள். அதனால் அந்தக் கொசு தொட்டியை விட்டுச் சாக்கடைக்குப் போய்விடவில்லை.

கடைசியாகச் செலவு. இது பெரிய ஆய்வகங்களின் வேலை, மாநகராட்சிக்குக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். வீடு வீடாகப் போய்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்க்கும், டி.பி.சி. எனப்படும் வீட்டுக் கொசுப்புழுச் சோதனைப் பணியாளர் ஏற்கெனவே வகைப்பாட்டைத்தான் செய்கிறார். தண்ணீர்ப் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாபிலிஸ் புழு. நீண்ட மூச்சுக்குழலோடு சாய்வாகத் தொங்கினால் கியூலெக்ஸ். குழல் குட்டையாக, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் ஓடினால் ஏடிஸ். சொற்பக் கூலிக்கு ஒப்பந்தத்தில் இருக்கும் அந்தப் பெண்கள் பார்ப்பதை எழுதிவைக்க முறை இல்லை. புழு உண்டு, இல்லை என்பதோடு குறிப்பு முடிகிறது. அவர்கள் எடுத்துவரும் புழுவை வளர்த்துப் பார்க்க ஒரு அறை, ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒரு பூச்சியியலாளர், மருந்தைத் தாங்குகிறதா என்று சோதிக்க உலக சுகாதார நிறுவனத்தின் எளிய சோதனைக் குழாய்கள் போதும். ஜமால் முகமது கல்லூரியிலும் ஹோலி கிராஸ் கல்லூரியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வேட்டுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் கிடையாது. மரபணு அளவில் பார்க்க வேண்டியதைப் புதுச்சேரிக்கும் மதுரைக்கும் அனுப்பலாம். இரண்டும் பேருந்தில் போய்வரும் தூரம். இதற்கெல்லாம் ஆகும் செலவு புகைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மாநகராட்சி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

அதுவரை மன்றக் கூட்டத்தில் கொசு ஒழிப்பு அறிக்கை வரும்போது நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டியது இது: எந்த வார்டில், எந்தத் தண்ணீரில், எந்த இனம் கிடைத்தது, அது எந்த மருந்துக்குச் சாகிறது? எத்தனை இயந்திரம், எத்தனை லிட்டர் என்று மட்டும் சொல்லும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.